கார்டு செர்ப்பாவின் மச்சான்

அந்த வருஷம் தாக்னாவில் காலையில் கதவைத் திறந்ததும் யாரும் தெருவைப் பார்ப்பதில்லை. வெளியே ஒரு காலை எடுத்து வைத்து, திரும்பி, தங்கள் கதவைத்தான் பார்த்தார்கள். கதவில் தாரால் சிலுவை போட்டிருந்தால் அது பெரு நாட்டுக்காரன் வீடு, பெருக்காரன் வீடு, என்று அர்த்தம். அந்த வீட்டு ஆம்பளையை அடிக்கலாம், இழுத்துக்கொண்டு போகலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எர்மெலிந்தாவின் தெருவுக்கு அந்தச் சிலுவைகள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. ரொட்டி வாங்கக் கூடையோடு அவள் வெளியே வந்தபோது எதிர்வீட்டு கசிமிரா மண்டியிட்டு உட்கார்ந்து, சாம்பலும் வினிகரும் போட்டுத் தன் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தார் போகவில்லை. இழுபட்டுக் கதவு முழுக்க ஈஷிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் சிலுவை, அதற்கடுத்த வீட்டிலும் சிலுவை. எர்மெலிந்தா மெதுவாகத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். போன கோடையில் அடித்த பச்சைப் பெயின்ட் அப்படியே பளிச்சென்று இருந்தது.

தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கசிமிராவிடம் கேட்டாள். கசிமிரா நிமிரவே இல்லை.

"உனக்கென்னம்மா கவலை. உன்னுது கந்தலுக்கு வாக்கப்பட்ட கதவு."

சிலிக்காரர்களைத் தாக்னாவில் கந்தல் என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும். எர்மெலிந்தா ஒரு கந்தலைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் ஆகப் போகிறது. பவுதீலியோ செர்ப்பா தெற்கே தால்காவிலிருந்து சிப்பாயாக வந்தவன். உடுப்பைக் கழற்றிய பிறகும் ஊர் திரும்பாமல் துறைமுக ஊரான அரிக்காவுக்குப் போகும் ரயிலில் கார்டாகச் சேர்ந்துகொண்டான். கல்யாணத்துக்கு அவள் அப்பா வரவில்லை. ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு, கடைசி நாட்களில், அந்தக் கந்தல் கையால்தான் சூப் குடித்தார். பிள்ளைகள் இல்லை. ஒருவரையொருவர் கிழவா, கிழவி என்று கூப்பிட்டுக்கொண்டு, சண்டையில்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தது.

போரில் தோற்ற பெருவிடமிருந்து அந்த ஊரைச் சிலி எடுத்துக்கொண்டபோது எர்மெலிந்தா பிறக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, எந்த நாட்டில் இருப்பது என்று ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று ஒப்பந்தம். பத்து வருஷம் போனது, இருபது போனது, நாற்பது போனது. ஓட்டு வரவில்லை. பெருவின் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், பெருவின் பாதிரியார்களை வண்டியேற்றினார்கள். பெருவின் சுதந்திர தினத்தன்று அவள் அப்பா ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுக்கையறையில் கொடியை விரித்து, எல்லோரும் ஒருமுறை தொட்டதும் மடித்து வைத்துவிடுவார். இப்போது வாஷிங்டனில் யாரோ தீர்ப்புச் சொல்லி, கடைசியில் ஓட்டு வரப்போகிறது என்றானதும் ஊர் இரண்டு நாள் சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பயம்தான். பெருவுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் ஊரில் இல்லாமல் போய்விட்டால் சிலி ஜெயித்துவிடும். அந்தக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது.

அப்படி இல்லாமல் போகவேண்டியவர்களில் அவள் தம்பி செனோனும் ஒருவன். அடுத்த தெருவில் தனியாக இருந்தான். கோவேறு கழுதைகளில் திராட்சை ரசப் பீப்பாய் ஏற்றி இறக்குகிற தொழில். உடம்பில் எல்லாவற்றையும்விட அவனுக்கு வாய்தான் பெரியது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தால், பவுதீலியோவின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே ஸ்டேஷன் பெயர்களைக் கூவுவான். சிலிக்காரர்கள் பேசும்போது வார்த்தையின் வாலை விழுங்கிவிடுவார்கள். செனோன் அதை அச்சு அசலாகச் செய்வான். பவுதீலியோ கோபித்துக்கொண்டதே இல்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு மச்சானுக்கு இன்னொரு குவளை ஊற்றுவான். ஓட்டு என்ற பேச்சு வந்ததும் அந்த விளையாட்டு நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றது. செனோன் தன் தெருவிலேயே முதல் ஆளாக ஓட்டுப் பட்டியலில் பெயர் கொடுத்தான். அவன் கதவிலும் சிலுவை விழுந்தது.

அந்த வாரமே வேட்டை ஆரம்பித்தது. கோட்டில் சிலிக் கொடியின் மூவர்ண ரிப்பன் குத்திய ஆட்கள் தடியோடு பட்டப்பகலில் வந்தார்கள். ஒரு தையல்காரரைக் கடையிலிருந்து இழுத்துத் தெருவில் போட்டு மிதித்தார்கள். அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவன் வறண்ட வாய்க்காலில் கிடந்தான். உயிர் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அவன் வாய் திறந்து பேசவேயில்லை. சிலரை அரிக்காவுக்குக் கொண்டுபோய்த் தெற்கே போகும் கப்பலில் ஏற்றினார்கள் என்றார்கள். போலீஸ்காரர்கள் முனையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரே மதியத் தூக்கத்தில் இருந்த ஒரு வேளையில் எர்மெலிந்தாவின் கொல்லையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அத்திமரத்தில் பூனை என்று நினைத்துப் போனாள். சுவரடியில் செனோன் உட்கார்ந்திருந்தான். புருவம் கிழிந்து, சட்டையின் ஒரு பக்கம் முழுக்க ரத்தம்.

"அக்கா, கொஞ்ச நேரம்தான். வெயில் தாழ்ந்ததும் போயிடறேன்."

எங்கே போவான் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால், அத்திப்பழம் உலர்த்தும் அறையில் அவனைக் கொண்டுபோய் வைத்து, காயத்தைக் கழுவிக் கட்டினாள். வெயில் தாழ்ந்தபோது தெருமுனையில் ரிப்பன்காரர்கள் நின்றிருந்தார்கள். அவன் போகவில்லை. அறைக் கதவின் முன்னால் ஜாடிகளை நகர்த்தி வைத்துவிட்டு, புருஷன் வரும்போது அவள் அடுப்படியில் நின்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். இருபது வருஷமாக அவனிடம் மறைத்தது என்று எதுவும் கிடையாது. பவுதீலியோ கைகழுவி வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டான். பிட்டு அவள் பக்கம் ஒரு துண்டை நீட்டினான். அப்போது தார் வாசம் அடித்தது. அவன் விரல் நகங்களுக்கடியில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

கையில் என்ன என்று கேட்டாள். வண்டி மசகு என்றான், நிமிராமல்.

இருபது வருஷம் அவன் சட்டையைத் துவைத்தவளுக்கு மசகு வாசம் தெரியாதா? அவள் ரொட்டியை வாங்கி மென்றாள். தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை.

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் இருந்த பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பவுதீலியோ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அவளும் எழுந்து பின்னால் போனாள். அவன் கொல்லைப்பக்கம் திரும்பினால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டாள். தன் பக்கத்தில் படுத்துச் சீராக மூச்சுவிடுகிற இந்த மனுஷன் யார் என்று யோசித்தாள். அப்பாவுக்கு சூப் ஊட்டியவனா, தார்வாளி தூக்கியவனா? அடிபட்டதில் செனோனுக்கு நெஞ்சில் எங்கோ பட்டிருந்தது போல, இருமல் வந்தது. அவன் இருமும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் அம்மியில் மிளகாயைப் போட்டுக் கரகரவென்று அரைத்தாள். மிளகாய் தீர்ந்தபோது வெறும் அம்மியில் குழவியை உருட்டினாள்.

சனிக்கிழமை மதியம் தோல்கடை ஓர்மசாபல் வீட்டுக்கு வந்தார். அந்தப் பக்கத்து ரிப்பன்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பருத்த, மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பவுதீலியோ ஊற்றிக்கொடுத்ததைக் குடித்து, திராட்சை ரசம் நன்றாக இருக்கிறது என்றார். அத்திமரம் இந்த வருஷம் காய்த்ததா என்று எர்மெலிந்தாவிடம் விசாரித்தார். பிறகு, உங்கள் தம்பியைத்தான் எங்கேயும் காணோம் என்றார்.

அவள் வாய் திறக்கும் முன்பே பவுதீலியோ சொன்னான், அந்தப் பயல் இந்தப் பக்கம் வந்தால் காதைப் பிடித்துத் தானே இழுத்துக்கொண்டு வந்து கடையில் விடுவதாக. ஓர்மசாபல் சிரித்தார். அப்போது உள்ளே ஒரு இருமல் எழும்பி, பாதியில் அடங்கியது. எர்மெலிந்தா அம்மியிடம் போனாள். குழவியைப் பிடித்து உருட்டினாள். அந்தச் சத்தம் நிற்கும்வரை ஓர்மசாபல் பேசாமல் காத்திருந்தார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ரயில்வேக்காரங்க வீட்டையும் ஒரு தடவ பாத்துடலாம்னு இருக்கோம், செர்ப்பா. சும்மா பேருக்குத்தான். பாக்கலேன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவான்."

தாராளமாகப் பாருங்கள் என்றான் பவுதீலியோ. வாசல்வரை போய் வழியனுப்பினான். கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவன் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"ஒரு வாரமா இந்த வீட்டுல இவ்வளவு மிளகாய யாரு கிழவி திங்கறது?"

அவள் குழவியை விடவில்லை.

"நான் சிலிக்காரன்தான், செவிடன் இல்ல. என் பழைய கோட்டு மச்சானுக்குப் பத்துமா பாரு. காலைல என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன். அரிக்காத் துறைமுகத்துல பெருக்காரங்க கப்பல் நிக்குது. படகுல ஏத்திவிட்டா அவன் பாடு."

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறொன்றைக் கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது என்று தோன்றியது.

"அவன் கதவுல பூசினது நீதானா?"

பவுதீலியோ தன் கையைப் பார்த்தான்.

"நான்தான். வேற எந்தத் தெருவுன்னாலும் போறேன், அங்க வேணாம்னு சொன்னேன். அப்பன்னா நீ அங்கதான் போகணும்னு ஓர்மசாபல் வாளிய என் கையில குடுத்துட்டான். இந்தத் தெருவையும் நான்தான் பூசினேன். பூசலேன்னா நம்ம கதவுலயும் விழும்னான். பயந்துட்டேன் கிழவி. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

ஜாடிகள் நகரும் சத்தம் கேட்டது. செனோன் அறையிலிருந்து வெளியே வந்து நின்றான். தாடி வளர்ந்து, கண் குழிவிழுந்து, இவன்தானா அந்த வாயாடி என்றிருந்தது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதோ கைகலக்கப் போகிறார்கள் என்று எர்மெலிந்தா நினைத்தாள்.

"குறுக்குக் கோடு ஒரே கோணல், மச்சான். குடிச்சுட்டா பூசினே?"

"கை நடுங்கிச்சு" என்றான் பவுதீலியோ.

மறுநாள் காலை எர்மெலிந்தாவும் புறப்பட்டாள். பொண்டாட்டி கூடையோடு உட்கார்ந்திருந்தால் கார்டு பெட்டியை யாரும் அவ்வளவாகக் கிண்டமாட்டார்கள் என்று புருஷனிடம் சொன்னாள். உண்மை அதுவல்ல. தம்பியை அவனோடு தனியாக அனுப்ப அவளுக்கு மனம் துணியவில்லை. வழியில் எங்காவது வண்டியை நிறுத்தி ஒப்படைத்துவிடுவானோ என்ற எண்ணம் விடியும்வரை அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் புரிந்துகொண்டான் என்றே அவளுக்குப் பட்டது. கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஸ்டேஷனில் ஒருவரும் தடுக்கவில்லை. பழைய ரயில்வே கோட்டும் தொப்பியும் போட்டு, கையில் விளக்கோடு செனோன் நேராகப் போய்க் கார்டு பெட்டியில் ஏறிக்கொண்டான். வண்டி ஊரைத் தாண்டியதும் பாலைவனம். மரமில்லை, புல்லில்லை, ஒளிய ஒரு பாறைகூட இல்லை. எர்மெலிந்தா ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எந்த மணியில் இருக்கிறோம் என்பது அடிக்கடி தப்பிப்போனது.

பாதிவழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வண்டி நின்றது. வழக்கமாக அங்கே ஒரு கொட்டகையும் ஒரு நாயும்தான் இருக்கும். அன்று குதிரைகள் கட்டியிருந்தன. ரிப்பன்காரர்கள் முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வந்தார்கள். ஒரு பெட்டியில் யாரோ ஒரு ஆளை இறக்கினார்கள். அவன் ஏதோ கெஞ்சினான். கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள், பிறகு அவன் குரல் கேட்கவில்லை. செனோன் மூட்டைகளின் மேல் சாய்ந்து படுத்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். அவன் கழுத்து நரம்பு துடிப்பது எர்மெலிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அதை மறைக்கும்படி நகர்ந்து உட்கார்ந்தாள்.

கார்டு பெட்டியில் ஏறியவன் அம்மைத் தழும்பு முகக்காரன். பவுதீலியோவுக்குத் தலையசைத்தான். அவளைக் காட்டி இது யார் என்றான். என் வீட்டுக்காரி, அரிக்காவில் மீன் வாங்க வருகிறாள் என்றான் பவுதீலியோ. தாக்னாக்காரிதானே என்று கேட்டுக்கொண்டே அவன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான்.

"அது யாரு?"

"புது ஆளு. எங்க ஊர்லேர்ந்து அனுப்பியிருக்கான். ராத்திரி குடிச்சது இன்னும் இறங்கல."

"எழுப்பு. ரெண்டு வார்த்தை பேசட்டும்."

பேசினால் போதும், எந்த நாட்டுக்காரன் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் பேசச் சொல்கிறான். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையை விரித்து, எனக்கொன்றும் தெரியாது என்று ஒதுங்கிவிட அந்த ஒரு நொடி போதும்.

பவுதீலியோ காலை ஓங்கிச் செனோனின் விலாவில் ஒரு உதை விட்டான். அடிபட்ட அதே இடம். செனோன் தொப்பிக்குள்ளிருந்து வலியில் முனகினான். பிறகு, வார்த்தைகளின் வாலையெல்லாம் விழுங்கி, பவுதீலியோவின் குரலிலேயே, சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கூவிய அதே குழறலோடு பேசினான்.

"யார்ரா அ... உங்கம்மா தூக்கத்தக் கெடுக்கற மாதி... போடா அந்தா..."

தழும்பு முகக்காரன் ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். தால்காவே இறங்கி வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவள் கூடையிலிருந்து ஒரு கை ஆலிவ் காயை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனான். வண்டி நகர்ந்து, கொட்டகை கண்ணிலிருந்து மறைந்தது. செனோன் தொப்பியை எடுத்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. பவுதீலியோ பெட்டியின் வாசலில் குனிந்து வாந்தியெடுத்தான்.

அரிக்காவில் மொர்ரோ குன்றின் அடியில், கூடைக்காரர்களுக்கும் மீன்காரிகளுக்கும் நடுவில், ஒரு படகோட்டி செனோனை ஏற்றிக்கொண்டான். செனோன் அக்காவைக் கட்டிப்பிடித்தான். தொப்பியைக் கழற்றி மச்சான் கையில் வைத்தான். படகு கப்பலைத் தொடும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது வீட்டைச் சோதனை போட்டு முடித்திருந்தார்கள். ஜாடிகள் உடைந்து கிடந்தன. அத்திப்பழ அறையில் ரத்தக்கறை படிந்த துணி ஒன்றைக் கண்டெடுத்திருந்தார்கள். பவுதீலியோவை ஓர்மசாபலின் கடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டு நடந்துதான் வந்தான். ஆனால் இடதுகை விரல்கள் பிறகு சரியாக மடங்கவேயில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவளிடம் அவன் சொன்னதில்லை. அவர்கள் கதவிலும் சிலுவை விழுந்தது.

ஓட்டு நடக்கவேயில்லை. இவ்வளவு பயத்தில் கிடக்கிற ஊரில் ஓட்டு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டு மேற்பார்வைக்கு வந்திருந்த அமெரிக்கத் தளபதிகள் கப்பலேறினார்கள். சில வருஷம் கழித்து, எங்கோ தூரத்தில், இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, தாக்னா பெருவுக்கு, அரிக்கா சிலிக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டன. நடுவில் பாலைவனத்தில் எல்லைக் கற்கள் நட்டார்கள்.

ஆகஸ்ட் மாதப் பனித்தூறலில் பெருவின் கொடி ஏறியது. நனைந்துகொண்டு அழுத கூட்டத்தில் எர்மெலிந்தாவும் நின்று அழுதாள். வீட்டுக்கு வந்தபோது பவுதீலியோ ஜன்னல்களைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தான். சிலுவை பூசியவர்கள் யார் யார் என்று ஊரில் பேச ஆரம்பித்திருந்தார்கள். சிலுவை விழுந்த ராத்திரி கதவு இடுக்கு வழியாகப் பவுதீலியோவைப் பார்த்ததைக் கசிமிரா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிட்டாள். ஓர்மசாபல் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார். இருப்பவன் செர்ப்பா மட்டும்தான். ஒருநாள் கூரையில் கல் விழுந்தது. மறுநாள் இரண்டு கல்.

செனோன் திரும்பி வந்திருந்தான். பெரு அரசாங்கத்தை வரவேற்கும் குழுவில் அவனுக்கு ஒரு நாற்காலி, அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு. எர்மெலிந்தா அவனிடம் போய், நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், யாரும் தொடமாட்டார்கள் என்றான். கொஞ்சம் பொறுத்து, கல் எறிகிறவன் என்னைக் கேட்டா எறிகிறான் என்றும் சொன்னான்.

பவுதீலியோ அந்த வாரமே அரிக்காவுக்குப் போய்விட்டான். கூட வரச் சொல்லி அவளைக் கேட்கவில்லை. அங்கே மிச்சமிருந்த பெருக்காரர்கள் இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருப்பதை அவன் வண்டியிலிருந்தே பார்த்திருந்தான். ரயில் மட்டும் பழையபடி ஓடியது, எல்லையைத் தாண்டி. அவன் கார்டாகவே இருந்தான். தாக்னா ஸ்டேஷனில் வண்டி நிற்கும் நேரத்தில் அவள் சாப்பாடு கொண்டுபோவாள், இருவரும் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டுக்கு வா, ஒன்றும் ஆகாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிப்பார்ப்பாள்.

"ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும் கிழவி?" என்பான், வெளிவாசலைப் பார்த்துக்கொண்டே.

ஒருநாள் அவளோடு செனோனும் வந்தான். குடல்குழம்புப் பாத்திரத்தை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். பிளாட்பாரத்தில் அவனைக் கண்டதும் பவுதீலியோ இறங்கிய காலைத் திரும்ப எடுத்துப் பெட்டிக்குள் போய்விட்டான். செனோன் பெட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இறங்கு மச்சான். ஆறிப்போகுது."

"இங்கயே குடு" என்றது உள்ளேயிருந்து குரல்.

செனோன் தட்டில் போட்டு, மேலே ரொட்டியை வைத்து நீட்டினான். மடங்காத விரல்கள் கொண்ட கை வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டது. நின்றபடியே சாப்பிடும் சத்தம் கேட்டது. விசில் ஊதியதும் வண்டி தட்டோடு புறப்பட்டுப் போயிற்று.

அடுத்த முறை பவுதீலியோ அந்தத் தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, பெட்டிக்குள் இருந்தபடியே மச்சானிடம் நீட்டினான்.